ஃபவுல் பதினேழு

"தாழ்ப்பாளைப் போடு, மிஹால். பக்கத்து வீட்டான் எவனும் உள்ள வந்துடக் கூடாது."

யுராய் ஹுடாக் சொல்லி முடிப்பதற்குள் மூத்த மகன் கதவைத் தாழிட்டான். இளையவன் ஷ்டெஃபான் சாப்பாட்டு மேசையைச் சுவர்ப்பக்கம் தள்ளினான். மேசைக்கும் சுவருக்கும் நடுவில் யோனாஸ் பால்சிஸ் வசமாக மாட்டிக்கொண்டான்.

யுராயின் மகள் வெரோனாவைப் பெண் கேட்க வந்தவன் அவன். காலையில் பூசை முடிந்து மாதா கோயில் படி இறங்கும்போதே அவள் அவன் காதோடு சொல்லியிருந்தாள்: "எங்கப்பா எது கேட்டாலும் ஆமான்னு மட்டும் சொல்லு. வியாக்கியானம் பண்ணாதே."

அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு பேருமே நிலக்கரி வெட்டுகிறவர்கள். தோள் ஒவ்வொன்றும் கதவு அகலம். யோனாஸுக்கு வெள்ளிக்கிழமை ஆட்டம் ஞாபகம் வந்தது.

அவன் காசுக்குப் பாஸ்கெட்பால் ஆடுகிறவன். அந்தக் காலத்தில் களத்தைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு. வாசலைப் பூட்டிய பிறகுதான் ஆட்டமே ஆரம்பிக்கும். எதிராளி வலையோடு வைத்து நசுக்குவான், வெளியில் வேடிக்கை பார்க்கும் பெண்கள் தொப்பியில் செருகிய நீள ஊசியை உருவிக் குத்துவார்கள். ஆனாலும் அங்கே விசில் ஊத ஒரு நடுவராவது இருப்பார்.

யுராய் அந்த ஆட்டத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே விளையாட்டு குத்துச்சண்டை. கோணிப்போன மூக்கே அதற்குச் சாட்சி.

வெரோனா ஒரு பெரிய தட்டைக் கொண்டுவந்து யோனாஸ் முன்னால் வைத்தாள். புகையில் வாட்டிய பன்றித் தொடை. அந்த வீட்டில் ஈஸ்டருக்கு மட்டும்தான் உத்தரத்திலிருந்து இறங்கும். இப்போது நவம்பர்தான் நடக்கிறது. பயத்தில் அவன் அதன் பக்கம் கையைக்கூட நீட்டவில்லை.

யுராய் செய்தித்தாளை விரித்து, ஒரு வரியில் விரலை ஊன்றினார்.

"பால்சிஸ், சென்டர். இது நீதானே தம்பி?"

"ஆமாங்க."

"கூடை ஒண்ணு."

"ஆமாங்க."

"ஃபவுல் பதினேழு."

"ஆ... ஆமாங்க."

"மத்த நாலு பேருக்கும் ஃபவுலுக்கு நேரே முட்டை. அவனுங்க என்ன, கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாத்தானுங்களா?"

"அப்படி இல்லீங்க..."

"பதினேழும் நீ ஒருத்தனேவா?"

"எங்க டீம்ல அது என் வேலைங்க."

"வேலையாம்ப்பா!" ஷ்டெஃபான் மேசையில் ஓங்கித் தட்டினான். தொடைக்கறி ஒரு துள்ளு துள்ளியது. "சம்பளம் குடுத்து இதுக்குன்னே வச்சிருக்கானுங்க!"

மிஹால் யோனாஸின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இந்தக் கையா? இல்ல, ரெண்டு கையுமா?"

"ரெ... ரெண்டு கையும்தான்."

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போன மாசம் மருந்துக்கடைப் பையன் ஒருத்தன் பெண் கேட்டு வந்தான்," என்றார் யுராய். "ஊத்தின காப்பி ஆறறதுக்குள்ள வெளிய அனுப்பிட்டோம்."

யோனாஸ் மனசுக்குள் கணக்குப் போட்டான். இன்னொரு தடவை ஆமாம் என்றால் பதினேழு குற்றமும் தலையில் உட்கார்ந்துவிடும். ஊரில் எந்தத் தகப்பன் ஒரு முரடனுக்குப் பெண் கொடுப்பான்? வெரோனா அடுப்புப் பக்கம் நின்று வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டியதை அவன் பார்த்தான். பாவம், பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

"ஐயா, ஒரு நிமிஷம் கேளுங்க. பேப்பர்ல போட்டிருக்கிறது நான் பண்ண தப்பு இல்லீங்க."

வெரோனா பலமாக இருமினாள்.

"எதிராளி எங்க ஆளை இடிச்சா, பிடிச்சுத் தள்ளினா, எங்களுக்குச் சும்மா ஒரு எறி குடுப்பாங்க. குறுக்க எவனும் நிக்க மாட்டான். அடி எவன் வாங்கினாலும் சரி, எறியறது மட்டும் டீமுக்கு ஒருத்தன்தான். எங்க டீமுக்கு நான். அப்படி நான் கூடையில போட்டதுதாங்க பதினேழு."

யுராய் விரலை எடுக்கவில்லை. "அப்ப ஃபவுல் பண்ணினது?"

"அவங்க."

"நீ?"

"நான் தள்ளி நின்னு, ரெண்டு கையாலயும் பந்தை மெதுவா எறிவேன். அவ்வளவுதாங்க."

"ஒருத்தனைக்கூட நீ அடிக்கல?"

"மாதா மேல சத்தியமா, ஒருத்தனைக்கூட இல்லீங்க!"

அப்பாடா என்று யோனாஸ் மூச்சு விட்டான். மிஹால் பிடித்திருந்த கையை விட்டான். ஷ்டெஃபான் எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் திறந்தான்.

யுராய் செய்தித்தாளை நாலாக மடித்து வைத்தார். மூக்கைத் தடவிக்கொண்டார்.

"ஒரே ராத்திரியில பதினேழு பேரைச் சாய்ச்சவன் எனக்கு மாப்பிள்ளையா வர்றான்னு சுரங்கம் பூரா சொல்லிட்டு வந்துட்டேனேடா!"

பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"வெரோனா, அந்தக் கறியை உள்ள எடுத்துட்டுப் போம்மா."