ஐந்து மடங்குச் சம்பளம்

சிப்பாய்க் கணவனின் சம்பளம் ஒரே நாளில் ஐந்து மடங்காகிவிட்டது என்று கைபேசி சொன்னதும், பூங்கோதை தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தாள். தொலைக்காட்சியில் இரண்டு கட்சிக்காரர்கள், ராணுவத்துக்கு இந்த உயர்வு போதுமா என்று முட்டிக்கொண்டிருந்தார்கள்.

எதிர்வீட்டு ஸ்டெல்லாவின் கணவனும் சிப்பாய்தான். அவள் இனிப்பைத் தொடவில்லை.

"அஞ்சு மடங்கா? அக்கா, இந்த மாசத்துலேர்ந்து ஒவ்வொருத்தர் உயிருக்கும் எவ்வளவு ஆபத்து வரும்னு மெஷின் கணிச்சு, அதுக்கேத்த மாதிரிதான் சம்பளமே போடுது. எங்க வீட்டுக்காரருக்குப் பாதியாக் கொறைஞ்சிருக்கு. இப்பத்தான் நிம்மதியா காபி குடிச்சேன்."

பூங்கோதை இனிப்புத் தட்டை அப்படியே கீழே வைத்தாள். ராணுவச் சம்பளப் பிரிவின் உதவி எண்ணை அழைத்தாள்.

"சார், அவர் சம்பளத்தக் கொறைச்சிருங்க சார்! பழையதே போதும். அதுலயும் பாதி எடுத்துக்குங்க!"

"கொறைக்கிற வசதி எங்ககிட்ட இல்லம்மா. இருங்க, இப்ப ஆறு மடங்காயிருச்சு. வாழ்த்துகள்."