பாலத்தில் பனிக்கட்டி

"அக்கா, நம்ம ஆளுங்களைப் பிடிச்சுக் கொடுக்கிறவனுக்குப் போய் காபியா?" அடுப்படியிலிருந்து நசாரியோ கடுகடுத்தான்.

"நல்ல காபியா கொடுக்கிறேன்? அடியில தங்கின கசண்டுதான்டா," என்றாள் எல்வீரா.

அந்த அமெரிக்க ஊரின் போலீஸ் குடியேற்றத் துறையோடு கைகோத்ததிலிருந்து, போலீஸ்காரர் வெண்டல் அவளுடைய சாப்பாட்டுக் கடைக்குள் வந்தாலே தம்பியை அடுப்படியை விட்டு வெளியே விடமாட்டாள். தம்பிக்கு விசாவும் இல்லை, லைசென்சும் இல்லை. வழியில் மறித்தால் போதும், நேரே மெக்சிகோதான்.

இன்று வெண்டலோடு அவருடைய மேலதிகாரி வேறு வந்திருந்தார்.

வெண்டல் கசண்டை முகம் சுளிக்காமல் குடித்தார். பிறகு அவளிடம், தனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில், "பாலம். இன்னைக்கு. பனிக்கட்டி நிறைய. தம்பி போகாது," என்றார்.

எல்வீரா விழித்தாள். மே மாத வெயில் வெளியே கொளுத்திக்கொண்டிருந்தது.

"என்னய்யா சொன்னே அந்தம்மாகிட்ட?" என்றார் ஸ்பானிஷ் தெரியாத மேலதிகாரி.

"காபி பிரமாதம்னேன் சார்."

இருவரும் கிளம்பிப் போனார்கள்.

வெங்காயக் கிடங்கு வேலைக்குப் புறப்பட்ட நசாரியோ வண்டிச் சாவியை எடுத்தான்.

"டேய், மெதுவாப் போ. பாலத்துல பனிக்கட்டியாம்!" எல்வீரா சிரித்தாள்.

"ஜார்ஜியா வெயில்ல பனிக்கட்டியா? அந்தாளுக்கு மூளை உருகிடுச்சா?"

"அவர் பாஷையில ஐஸ்னு நினைச்சுக்கிட்டு..."

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. குடியேற்றத் துறைக்காரர்களின் சட்டை முதுகில் பெரிதாக எழுதியிருக்குமே, ஆங்கிலத்தில் 'ஐஸ்' (ICE) என்று மூன்று எழுத்து!

"மாதாவே! சாவியைக் கீழ வைடா!"

மத்தியானம் சாப்பிட வந்தவர்களிடமெல்லாம் ஒரே பேச்சுதான். பாலத்தடியில் குடியேற்றத் துறையின் கறுப்பு வண்டிகள் காலையிலிருந்து நின்றனவாம். எல்வீரா சுவரோரத்து மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மறுநாள் வெண்டல் தனியாக வந்தார். எல்வீரா புதிதாக இறக்கிய காபியை ஊற்றினாள்.

"பனிக்கட்டி வேணுமா சார்?"

"வேணாம்மா. இன்னைக்கு இல்ல."

ஒரு வாய் குடித்தவர், கோப்பையை உற்றுப் பார்த்தார்.

"அடடே! நேத்து நான் சொன்ன பொய், இன்னைக்கு நிஜமாயிடுச்சே!"