வெள்ளரிக் கொடியின் பிடி

வெள்ளரிக் கொடியின் பற்றுக்கம்பி எதையும் தொடாமல் போனால் தன்மேலேயே திருகிச் சுருங்கிவிடும். தொட்டால்தான் வளையமாகச் சுற்றும். பிறகு நடுவில் சுருண்டு, பிடித்த பொருளை நோக்கிக் கொடியையே இழுக்கும். இதைக் கோமதிக்குக் காட்டியவன் அவள் கணவன் வேலாயுதம். பந்தலருகே நின்று கம்பிக்கு விரலைக் கொடுத்து, அது சுற்றி முடிக்கும்வரை காத்திருப்பான். ஆற்றுக்குக் குளிக்கப் போனவன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அவன் எடுத்துவைத்திருந்த விதைகளை ஈரத்துணியில் முடிந்து, முளைவிட்டதும் அவள் ஊன்றினாள்.

கருமாதிக்குச் சம்மதம் கேட்டு அவன் அக்காள் வந்தாள். கோமதி அவளைப் பந்தலுக்கு அழைத்துப்போனாள். குச்சி எட்டாத வெற்றிடத்தில் கம்பிகள் தடித்த விரல் அளவுக்கு வளையமிட்டிருந்தன. கொடிகள் எல்லாம் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தன.

“காத்துல சுத்தியிருக்கும்டி.”

“காத்தை அது பிடிக்காது மதினி. தொட்டாத்தான் சுத்தும். உங்க தம்பி விரல் அளவுதானே இது?”

“பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு? வெறுங்காத்துதான், பாரு.”

அக்காள் தன் சுண்டுவிரலை ஒரு வளையத்துக்குள் விட்டாள். நுனி நுழைந்ததும் விரல் நின்றுவிட்டது. வளையம் அகலமாகத்தான் இருந்தது. உள்ளேதான் இடமில்லை.