மீதி ஒன்றரை அங்குலம்

பாட்டிலை டாக்டரின் மேசைமேல் வைத்தேன். உள்ளே என் எலும்பு.

வலது தோளுக்குள், கைக்குப் போகும் நரம்பையும் ரத்தக் குழாயையும் நெரித்துக்கொண்டிருந்த முதல் விலா எலும்பு. முழுசாக எடுத்துவிட்டேன் என்று இவர் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. வார்டு நர்ஸிடம் கெஞ்சி வாங்கி வைத்திருந்தேன்.

எலும்பு வெளியே வந்தும் கை திரும்பி வரவில்லை. கத்தரிக்கோலைப் பிடித்தால் விரல்கள் மரத்துப்போகின்றன. துணி வெட்ட முடியாத தையல்காரியை யார் தேடி வருவார்கள்?

ஆபரேஷனுக்குப் பிறகு இதைச் சொல்லி வந்தபோதெல்லாம், உனக்கு மனசில்தான் கோளாறு என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார் இந்த மனுஷன். அதை என் வீட்டுக்காரரும் நம்பினார். அந்த ஆத்திரமும் இவர்மேல்தான்.

இஞ்ச் டேப்பைப் பாட்டிலோடு ஒட்டிப் பிடித்தேன். இரண்டரை அங்குலம். பக்கத்தில் புது ஸ்கேனை விரித்தேன். கத்தி படாத இடது பக்கத்து எலும்பு நாலு அங்குலம்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மருந்துத் தண்ணியில கிடந்தா கொஞ்சம் சுருங்கும்மா.”

“எலும்பு சுருங்காது சார். துணிதான் சுருங்கும், அது எனக்குத் தெரியும். மீதி ஒன்றரை அங்குலம் எனக்குள்ளேயே இருக்கு, ஸ்கேன்ல பாருங்க.”

பார்த்தார்.

எலும்பின் பின்முனை நரம்பு வேரை உரசிக்கொண்டு கிடக்கிறது. அங்கே கத்தி வைக்க இவர் துணியவில்லை. பாதியில் விட்டு, தைத்து மூடிவிட்டார்.

அன்று கையெழுத்து வாங்கும்போது ஆபத்துகளையெல்லாம் மூச்சுவிடாமல் வாசித்தார். நுரையீரலில் ஓட்டை விழலாம், ரத்தக் குழாய் கிழியலாம், கை அப்படியே செயலிழந்து போகலாம். தானே பயந்துபோய்ப் பாதியில் நிறுத்திவிடலாம் என்பதை மட்டும் வாசிக்கவில்லை.

“புகார் கொடுக்கப் போறீங்களா?” குரல் இறங்கியிருந்தது.

கொடுத்தால் மனசு குளிரும். ஆனால் ஏழு ஆஸ்பத்திரி ஏறி இறங்கிவிட்டேன். ஒருமுறை திறந்த இடத்தில் தழும்பு எல்லாவற்றையும் ஒட்டிப் பிடித்திருக்கும், மறுபடி திறந்தால் ஆபத்து இரண்டு மடங்கு என்றார்கள். யாரும் தொடவில்லை. இதைச் செய்யக்கூடியவர் என்று ஏழு பேரும் இந்த ஒருவர் பெயரைத்தான் எழுதிக் கொடுத்தார்கள்.

வரவேற்பறையில் வாங்கி நிரப்பிய ஆபரேஷன் சம்மதத் தாளை நீட்டினேன். இடது கையால் போட்ட கோணல் கையெழுத்து.

பிறகு பையிலிருந்து இன்னொரு பாட்டிலை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கழுவித் துடைத்த காலிப் பாட்டில். ஒன்றரை அங்குல உயரத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தேன்.