யாருடைய ரோல்?

கல்கத்தா புகைப்படச் சங்கத்தின் பழைய பெட்டிக் கேமராவுக்குள் எடுத்து முடித்த ஃபிலிம் ரோல் ஒன்று இருந்தது. கண்காட்சிக்குப் படம் கொடுக்க அன்றுதான் கடைசி நாள்.

“என் ரோல். பாக்பஜார் படித்துறையில எடுத்தது,” என்றார் நிருபம். சங்கத்தில் இருபது வருட உறுப்பினர்.

“நான் எடுத்தது தீதி,” என்றாள் தியாஷா, செயலாளர் சுக்லா அக்காவிடம். சேர்ந்து நான்கு மாதம்.

“இவளா? கேமராவத் தலைகீழாப் பிடிக்கிற ஆளு!”

சுக்லா மண்குவளைத் தேநீரைக் கீழே வைத்தார். “ஃபிலிமக் கழுவிப் பாத்தாலும் யார் எடுத்ததுன்னு படத்துலயா எழுதியிருக்கும்?”

தியாஷா கேமராவை நிருபத்தின் பக்கம் நகர்த்தினாள். “சரி நிருபம் அண்ணா, நீங்களே கழட்டிக் குடுங்க.”

“இப்பவாவது புத்தி வந்துச்சே.” நிருபம் ஜன்னல் வெளிச்சத்தில் நின்று, வழக்கம்போலப் பின்கதவைத் திறந்தார்.

அந்தக் கேமராவுக்கான பெரிய ஃபிலிம், முதுகில் வெளிச்சம் புகாத காகிதத்தோடு வரும்; அதைப் பகலிலேயே கழற்றலாம். உள்ளே காகிதத்தைக் காணோம். இரண்டு ஓரமும் ஓட்டைகளோடு, சின்னக் கேமரா ஃபிலிம் வெறுமனே சுருண்டிருந்தது.

நிருபம் கதவைப் பட்டென்று மூடினார்.

“ஓட்டை மேலயும் படம் விழட்டும்னு நான்தான் மாட்டினேன் தீதி,” என்றாள் தியாஷா. “இத இருட்டுலதான் கழட்டணும்.”

“அடிப்பாவி, வெளிச்சம் பட்டு உன் படமெல்லாம் போச்சேடி! முன்னாடியே சொல்றதுக்கு என்ன?” என்றார் சுக்லா.

“சொல்லியிருந்தா, அவரும் இருட்டறைக்குத்தான் போயிருப்பாரு.”