முதல் மணி நேரம் இலவசம்

என் சுவர் செல்வமலர் அன்ரியின் வீட்டில் நின்றுகொண்டிருந்தது.

வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஓக் மரச் சட்டங்கள், அவற்றின் நடுவே கதவு வைத்த சாமித்தட்டு, கீழே நீளமான இருக்கை. டென்மார்க்கின் இன்னொரு ஊரான கிரின்ஸ்டெட்டில், குணசேகரம் அங்கிளின் வீட்டுக்காக நான் வரைந்தது. வரைபடத்தைப் பார்த்துவிட்டு “யோசிச்சுச் சொல்லுறம்” என்றவர் இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறார். இங்கே இக்காஸ்டில் அதே சுவர் எழும்பியே விட்டது.

அங்கே சன்னல் மேற்கைப் பார்த்தது. மாலை வெயில் கண்ணைக் குத்தும் என்பதால்தான் சட்டங்களைச் சரித்து வைத்தேன். இங்கே சன்னல் வடக்கே. வராத வெயிலை மறைத்துக்கொண்டு நின்றது சுவர். பட்டப்பகலில் விளக்குப் போட்டிருந்தார்கள்.

“வடிவாத்தான் இருக்குப் பிள்ளை, ஆனா ஒரே இருட்டாக் கிடக்கு. என்ன செய்யலாமெண்டு ஒருக்காப் பாரன்” என்றார் அன்ரி.

அதாவது, களவெடுத்த சட்டை பெரிதாக இருக்கிறது. தைத்தவளே வந்து பிடித்துத் தரவேண்டும்.

வீடுகளின் உள்ளலங்காரத்தை வடிவமைப்பது என் தொழில். நல்ல சம்பளத்தில் இருந்த வேலையை விட்டுவிட்டுப் போன வருடம் சொந்தமாகத் தொடங்கினேன். டெனிஷ்காரர்கள் முதலில் கேட்பது, இதுவரை எந்த வீடுகளைச் செய்திருக்கிறாய் என்பதைத்தான். சரி, எங்கள் ஆட்களின் வீடுகளில் ஆரம்பிப்போம் என்று நினைத்தேன். முதல் மணி நேரம் இலவசம் என்றும் அறிவித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

இலவசத்தை எங்கள் ஆட்கள் நன்றாகவே புரிந்துகொண்டார்கள். போன இடமெல்லாம் ரோல்ஸ், பற்றிஸ், தேத்தண்ணீர். எங்கட பிள்ளை என்று தலையைத் தடவுவார்கள். அளந்து, வரைந்து, இரண்டாவது மணி நேரத்தின் கூலியைச் சொன்னதும் யோசிக்கப் போய்விடுவார்கள். நாற்பதாயிரம் குரோனருக்கு சோபா வாங்கியபோது யோசிக்காதவர்கள்.

அந்தக் கூலிக்குள் என்னவெல்லாம் அடங்குகிறது என்று விளக்கியும் பார்த்தேன். கடை கடையாக அலைவது, தச்சரோடு மல்லுக்கட்டுவது, வரி, காப்புறுதி. ஓர் அங்கிள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாலு கோடு கீறுவதற்கு ஆயிரம் குரோனரா என்றார். பகிடியாகச் சொன்னவர் ஏனோ தான் சிரிக்கவில்லை. அவர் வீட்டுக் குழாயைத் திருத்த வந்தவன் படியேறியதற்கே அதைவிடக் கூட வாங்கியிருப்பான்.

அம்மா மட்டும்தான் எதையும் முகத்துக்கு நேரே சொல்வாள். கொம்யூனில், அதாவது நகரசபையில், நிரந்தர வேலை ஒன்று வந்திருக்கிறது, விண்ணப்பி என்று காலையில் தொடங்கினால் இரவு வரை அதே பாட்டு. இந்த மாதமும் ஒருவரும் காசு தராவிட்டால் நிறுவனத்தை மூடிவிட்டு விண்ணப்பிக்கிறேன் என்று நானும் ஒத்துக்கொண்டிருந்தேன். மாதம் முடிவதற்குள் என்னைக் கூப்பிட்ட கடைசி வீடு இதுதான்.

“இந்தப் படம் உங்களுக்கு எப்பிடி வந்தது, அன்ரி?”

அவர் போனைத் தட்டிக் காட்டினார். சுவரில் குத்தியிருந்த என் வரைபடத்தை யாரோ படமெடுத்திருந்தார்கள். ஓரத்தில், ரண்டர்ஸில் எங்கள் வீட்டிலிருக்கும் என் அறையின் நீலத் திரை தெரிந்தது.

“அம்மாதான் அனுப்பினவ. என்ர பிள்ளை கீறினதெண்டு ஒரே புளுகம் அவவுக்கு.”

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஊரெல்லாம் பெருமை பேசுவதற்காக, பெற்றவளே என் வயிற்றில் அடித்திருக்கிறாள்.

அளவு நாடாவைச் சுருட்டினேன். சட்டங்களைத் திருப்பி வைத்தால் வெளிச்சம் வரும் என்றேன். அதைத் திரும்ப வரைந்து, தச்சரோடு நின்று செய்விக்க மணிக்கு ஆயிரம் குரோனர் என்றும், இந்த முறை குரல் தடுமாறாமல், சொன்னேன்.

அன்ரி என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசை இழுப்பறையைப் பாதி திறந்தார். மூடினார். யோசித்துச் சொல்வதாக முணுமுணுத்துவிட்டுக் குசினிக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பை. அதற்குள் மூன்று ஐஸ்கிரீம் பெட்டிகள் நிறைய ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும் பலகாரமும். பையை என்னிடம் தந்துவிட்டு என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. நான்தான் இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கறியைத் தந்து காரியத்தை முடிக்கிறார் என்று நினைத்தேன். வாசலில் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

காருக்குள் ஏறியதும் அம்மா அழைத்தாள். எந்த வீட்டிலிருந்து வெளியே வந்தாலும் அழைத்துவிடுவாள்.

“என்னவாம் பிள்ளை? செல்வமலர் ஏதும் தந்தவளோ?”

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கும் அவளிடம் தோற்றுப்போய் நிற்க எனக்கு மனமில்லை.

“ஓம். முழுக்காசும் தந்தவ” என்றேன்.

அம்மா, யாரோடு பேசிக்கொண்டிருக்கிறாள் என்பதையே மறந்தவளாக வெடித்தாள்.

“எல்லாரும் காசு தாறமெண்டு நிக்க, குடுத்தால் இவள் கொம்யூன் வேலைக்குப் போகமாட்டாள் எண்டு ஒவ்வொருத்தரையும் கெஞ்சி மறிச்சு வச்சிருக்கிறன். ஓமெண்டு தலையாட்டிப்போட்டு அவள் ஏன் தந்தவள்?”