'பரவாயில்லை'யை நம்பிய பெட்டி

பிரகாசியம்மாளின் தீராத இடுப்புவலிக்கு, பேசுகிற மாத்திரைப் பெட்டி ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். "இன்னிக்கு வலி எப்படிம்மா இருக்கு?" என்று தினமும் காலையில் அது கேட்கும். பதிலை டாக்டருக்கு அனுப்பிவிடும்.

"பரவாயில்லப்பா" என்பார் பிரகாசியம்மாள். பெட்டியை முந்தானையால் துடைத்தும் வைப்பார். பிறகு கட்டிலில் சாய்ந்து, வெந்நீர்ப் பையை இடுப்பில் அழுத்திக்கொண்டு, "ஏசப்பா, உசிர் போகுதே" என்று முனகுவார்.

பைக்கு வயிறு எரியும். 'பத்து வருஷமா கூடவே கிடக்கிறேன். என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டதுண்டா?'

ஒருநாள் பெட்டி பீற்றிக்கொண்டது. "அம்மாவுக்கு வலி குறைஞ்சிருச்சுன்னு டாக்டருக்குச் சொல்லிட்டேன். நாளையிலிருந்து பாதி மாத்திரைதான்!"

'அடேய் மண்டு, அவங்க ஒப்புக்குச் சொன்னதுடா அது' என்று சொல்லத்தான் பை நினைத்தது. மாத்திரை குறைந்தால் அம்மா தன்னைத்தான் தேடுவார் என்று தோன்றியதும், வாயை இறுக்கி மூடிக்கொண்டது.

மறுநாள் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பிரகாசியம்மாள் பகல் முழுக்க அழுதார். தண்ணீர் ஆறிப்போன பிறகும் விடவில்லை.

"பார்த்தியா?" என்றது பை.

பெட்டிக்குப் பொறுக்கவில்லை.

"என்னை ஒருநாளாவது இப்படிப் பிடிச்சிருக்காங்களா?"